நங்கூரத் தெருப் பல்லிகள்

இருட்டி, மாதா கோயிலின் மாலை மணியும் ஓய்ந்து, வீடு வீடாகச் செபமாலை தொடங்கவிருந்த நேரத்தில், நங்கூரத் தெருவின் எல்லாச் சுவர்களிலிருந்தும் ஒரே சமயத்தில் ஒரு சத்தம் எழுந்தது. சிரட்டையை நகத்தால் சுண்டுவது போலவும், பல் போன யாரோ நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டி எடுப்பது போலவும் இருந்த அந்தச் சத்தம் உப்பளப் பக்கத்து முதல் வீட்டில் தொடங்கி, கடல் பக்கத்துக் கடைசி வீடுவரை போய், திரும்பி வந்து, செலஸ்டீனாவின் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் நின்றது.

செலஸ்டீனா அப்போது கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, போனில் தன் ரகசியச் சொல்லை எழுதி முடித்திருந்தாள். போன் திறக்கவில்லை. ஒரு வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து பல்லி தலையை நீட்டி, அவளை நேராகப் பார்த்து, "இச் இச் இச்" என்றது. பல்லி சொன்னால் அந்தத் தெருவில் எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள்: விரல் முட்டியால் தரையில் தட்டி, "சேசுவே" என்றாள். போன் திறந்துகொண்டது.

"ஓகோ, இனிமே இப்படியா" என்று சொல்லிவிட்டு, செலஸ்டீனா பிள்ளையின் காதருகே போனை வைத்தாள்.

செலஸ்டீனாவுக்குப் பயம் என்பது ரத்தத்தில் சர்க்கரை மாதிரி. எப்போதும் கொஞ்சம் இருக்கும், சில நாள் ஏறும். முழுப் படிப்பையும் கான்வென்ட்டில் முடித்தவள். எந்தக் கதவானாலும் நின்று, "உள்ளே வரலாமா, சிஸ்டர்" என்று கேட்டு, பதில் வந்த பிறகே காலை வைக்க வேண்டும் என்று பழகியவள். உலகத்தில் யாரும் அப்படிக் கேட்டுக்கொண்டு வருவதில்லை என்பது கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. இங்கே பூனை வரும், உப்புக் காற்று வரும், மீன்காரி வீடு மாறி வருவாள், எதிர்வீட்டு பிலோமினா அக்கா தன் வீடு எது என்ற யோசனையே இல்லாமல் வருவாள். புருஷன் இஞ்ஞாசி சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தான். பிள்ளை பிறக்கும் முன்பே கப்பலேறியவன், அதை இன்னும் கையில் வாங்கவில்லை. கரை தெரிந்த ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் அவன் பேசிப் பதிந்து அனுப்பிய குரல்கள் எல்லாம் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து வைத்திருந்த ஒரே கணக்கில் இருந்தன. எஞ்சின் இரைச்சலுக்கு மேலாக அவன் கத்திக் கத்திக் கொஞ்சும் அந்தக் குரலைக் கேட்டால்தான் பிள்ளை ஜெசிந்தா கண்ணை மூடும். அந்தக் கணக்குக்குள்தான் அவளுடைய புருஷன் குடியிருந்தான் என்று சொன்னாலும் தப்பில்லை. பிள்ளை தூங்கியதும் வீட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகி, பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, செலஸ்டீனா பிலோமினா அக்கா வீட்டுக்குப் படுக்கப் போய்விடுவாள். இஞ்ஞாசி போன பிறகு தன் வீட்டில் அவள் ஓர் இரவும் தூங்கியதில்லை.

பல்லிகளுக்கு இந்த வேலை எப்படி வந்தது என்றால், அதற்குக் காரணம் முனைக்கடை டெல்வின். தெருவில் புதுப் போன் வாங்கிய யாருக்கும் கணக்குத் திறந்து கொடுப்பது அவன்தான்; யாரும் மறந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், எல்லோருக்கும் மாதாவின் பெயரையும் திருவிழாத் தேதியையும் சேர்த்து ஒரே ரகசியச் சொல்லாக வைத்துக் கொடுத்திருந்தான். அந்தப்படி நங்கூரத் தெரு முழுவதும் ஒரே சாவியில் திறக்கும் ஒரே வீடாக இருந்தது, அதில் யாருக்கும் குறையில்லை. பாட்டுக்குழு மாஸ்டர் கணக்கில் எவனோ புகுந்து, அவர் பெயரில், தெருவில் கல்யாணமான எல்லாப் பெண்களுக்கும் காதல் கவிதை அனுப்பும் வரைக்கும். மாஸ்டரை மாஸ்டரம்மா வீட்டுக்குள் விடாத அந்த வாரத்தில்தான் டெல்வின் வெட்கப்பட்டு வீடு வீடாகப் போய், "ஒரு பூட்டு பத்தாது, ரெண்டாவது பூட்டு போடுதேன்" என்று எல்லாப் போனையும் வாங்கினான். ரகசியச் சொல்லைச் சொன்ன பிறகும், நீங்கள்தானா என்று இன்னொரு வழியில் கேட்க வேண்டும், அந்தக் கேள்வி எந்த வழியில் வரட்டும் என்று போன் கேட்டது. அந்தச் சமயம் பார்த்து டவர் வேலை செய்யவில்லை, குறுஞ்செய்தி வராது. ஆகவே டெல்வின் யாருமே படித்துப் பார்க்காத கடைசி வரிவரை கீழே கீழே தள்ளிக்கொண்டு போய், "வீட்டில் இருக்கும் ஒன்று" என்று எழுதியிருந்ததை அழுத்திவிட்டான். ஒவ்வொரு வீட்டிலும் இருப்பது பல்லிதானே.

அதன் பிறகு தெரு மாறியது. பல்லியை விளக்குமாற்றால் விரட்டிய கைகள் அதற்காகவே வாசல் விளக்கைப் போட்டுவைத்து விட்டில் பிடித்துக் கொடுத்தன. வெள்ளையடித்த வீட்டுக்காரர்கள் தங்கள் சுவரில் பல்லி இல்லாமல் போன அவமானத்தில், ஈமெயில் பார்க்க வேண்டுமானால் பக்கத்து வீட்டு மதிலேறிக் கேட்டார்கள். சென்னைக்குப் போன கல்லூரிப் பையன் தன் வீட்டுப் பல்லியைச் சாப்பாட்டு டப்பாவில் ஓட்டை போட்டுக் கொண்டுபோனான். நடு வழியில் அது கத்த, பஸ் மொத்தமும் சீட்டுக் கம்பியில் தட்டியதாகக் கேள்வி. பெண் பார்க்க வந்தவர்கள், "உங்க வீட்டுப் பல்லி யார் பேச்சக் கேக்கும்" என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். பங்குச் சாமியார் லூயிஸ் அந்த ஞாயிறு பிரசங்கத்தில், பல்லியிடம் பதில் தேடுவது முதல் கட்டளைக்கு விரோதம் என்று பீடத்தை அறைந்து சொன்னார். மறுநாள் மறைமாவட்டத்துக்கு அறிக்கை அனுப்ப உட்கார்ந்தவர், பூசை உடுப்பு மாற்றும் அறையில் வெகுநேரம் நின்று, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்துக்குப் பின்னாலிருந்த பல்லியை, "வாம்மா, வாம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்ததைக் கோயில் பெருக்க வந்தவர்கள் கேட்டார்கள். அடுத்த ஞாயிறு அவர் பல்லிப் பேச்சையே எடுக்காமல், தண்ணீர் திராட்சை ரசமான கானாவூர்க் கல்யாணத்தைப் பற்றி மட்டும் பேசினார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒரு காலை வேளையில், செலஸ்டீனா பிள்ளையின் துணிகளை அலசிக்கொண்டிருந்தபோது, போன் அலமாரி மேல் சும்மா கிடக்க, பல்லி கத்தியது.

நின்று, மறுபடி கத்தியது. சமையலறைக்கு வந்து கத்தியது. தொட்டிலுக்கு மேலே உத்தரத்தில் நின்று கத்தியது. அன்று தெருவில் எல்லா வீட்டுப் பல்லிகளும், யாரும் போனைத் தொடாமலே, ஓயாமல் கத்தின.

பிலோமினா அக்கா மீன் செதில் ஒட்டிய கையோடு வந்து நின்றாள். பெரிய உடம்புக்காரி, சிரித்தால் பாத்திரம் அதிரும்.

"என்னட்டி, ஒன் பல்லியும் கத்துதா?"

"காலைலேர்ந்து கத்துதுக்கா. எனக்கு என்னமோ பயமா இருக்கு."

"ஒனக்கு எதுக்குத்தான் பயமில்ல? நிழலுக்கு வணக்கம் சொல்லுத ஆளு நீ." அக்கா அண்ணாந்து பார்த்தாள். "எந்தச் செவுத்துல நிக்கி? தெக்குச் செவுரா? அட கூறுகெட்டவளே, தெக்குச் செவுத்துல சொன்னா கடல் போனவன் கரைக்கு வாறான்னு அர்த்தம்! ஒன் மாப்பிள வாறான்ட்டி! தட்டு, நல்லாத் தட்டு!"

செலஸ்டீனாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. சோப்பு நுரையோடு கையை எடுத்து, தன் வாழ்நாளில் தட்டாத பலத்தோடு கல்லில் தட்டி, "சேசுவே" என்றாள்.

பல்லி வாயை மூடிக்கொண்டது. அலமாரி மேல் போன் ஒரு முறை அதிர்ந்தது. அவள் எடுத்துப் பார்த்தபோது, பெயர் தெரியாத ஓர் ஊரிலிருந்து யாரோ கணக்குக்குள் வந்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இஞ்ஞாசியின் குரல்கள் இருந்த வரிசையில், பிள்ளை பிறந்த சேதி கேட்டு ஏதோ ஒரு துறைமுகத்தில் நின்று அவன் அழுதுகொண்டே சிரித்த அந்த முதல் குரல், தட்டிலிருந்து எடுத்த பணியாரம் போல, காணாமல் போனது.

செலஸ்டீனா அலறிய அலறலில் டெல்வின் ஒற்றைக் கால் செருப்போடு ஓடி வந்தான். போனை வாங்கி, உள்ளே இருந்தவனை வெளியே தள்ளி, பழைய சொல்லை எடுத்துவிட்டுப் புதுச் சொல் போடும் பக்கத்தைத் திறந்து, "மதினி, ஒங்களுக்கும் அண்ணனுக்கும் மட்டும் தெரிஞ்சதாப் போடுங்க, எனக்குக் காட்டாதீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். மற்றக் குரல்கள் பிழைத்தன. போன குரல் போனதுதான்; அதற்காக அன்று மாலை முழுதும் அவள் அழுதாள், பிலோமினா அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து, "என் வாய்க்கு மண்ணள்ளிப் போட" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் மாதா குகையான கெபிக்கு முன்னால் டெல்வின் நாற்காலி மேல் ஏறி நின்றான்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. திருவிழாத் தேதி எவனுக்கோ தெரிஞ்சு போச்சு. அவன் ஒவ்வொரு வீடா வந்து வாசல்ல நிக்கான். அவன் நிக்கும்போதுதான் பல்லி ஒங்கள்ட்ட கேக்கு, உள்ள வந்தது நீயான்னு. நீங்க என்ன செய்யுதீங்க? பழக்க தோசத்துல தட்டிருதீங்க. தட்டுனா, ஆமா நாந்தான்னு அர்த்தம். கதவத் தொறந்துவிட்டு வாங்கண்ணேன்னு திருடன உள்ள கூப்புடுதீங்க."

"பல்லி சொன்னா தட்டாம எப்படில இருக்கது?" என்றார் பாட்டுக்குழு மாஸ்டர். "கை தானா போவுதே."

"கைய அடக்குங்க மாஸ்டர். நீங்க போனத் தொறந்து, சொல்ல எழுதி, அப்புறம் பல்லி கேட்டா மட்டும் தட்டுங்க. நீங்க சும்மா இருக்கும்போது அது கேட்டா, செத்தாலும் தட்டாதீங்க. என்ட்ட ஓடியாங்க, சொல்ல மாத்துவோம்."

"அத்தன பேரும் ஒன்ட்ட ஓடியாந்தா நீ எங்க ஓடுவ?" என்று பிலோமினா அக்கா கேட்க, சாமியார் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

ஆனாலும் அது சிரிக்கிற வேலையாக இல்லை. ரகசியச் சொற்களை ஒவ்வொருவராக மாற்றி முடிக்கும்வரை பல்லிகள் கத்திக்கொண்டே இருந்தன, கை முட்டிகளோ தாய் வயிற்றிலிருந்தே கற்றுவந்த பாடத்தை மறக்க மாட்டேன் என்றன. தெரு தன் கைகளோடு மல்லுக்கட்டியது. சிலர் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். சிலர் விரல் முட்டியில் துணி சுற்றிக்கொண்டார்கள், தட்டினாலும் சத்தம் வராதபடி. மாஸ்டர் இரண்டு கையையும் ஆர்மோனியத்திலேயே வைத்துக்கொள்ள, மாஸ்டரம்மா சோற்றை ஊட்டிவிட்டாள், ஊட்டும் சாக்கில் அவர்களுடைய சண்டையும் தீர்ந்தது. பழக்கத்தை முறிக்க, சாமியார் ஒரு வழி சொன்னார்: போனைத் தொடாத நேரத்தில் பல்லி கேட்டால், தரையைத் தட்டாமல், "நான் இல்லை" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அதிலிருந்து நங்கூரத் தெருவில் சமையலறையிலும் குளியலறையிலும் வலை பின்னும் இடத்திலும் திடீர் திடீரென்று, "நான் இல்லை! நான் இல்லை!" என்ற கூவல் எழும், வெளியூர்க்காரர்கள் எந்தக் குற்றம் நடந்தது என்று தெரியாமல் திகைத்துப் போவார்கள்.

கடைசி வீட்டுக்கும் புதுச் சொல் வைத்த அன்று பல்லிகள் அடங்கின. தெரு பாயசம் வைத்துக் கொண்டாடியது. கப்பல் போனில் கிடைத்த சொற்ப நேரத்தில் செலஸ்டீனா இஞ்ஞாசிக்கு நடந்ததைச் சொல்லி, புதுச் சொல்லையும் சொன்னாள். அவன், "எழுதி வச்சுக்கிடுதேன்" என்றான். "எழுதாதீங்க, மனசுல வச்சுக்கிடுங்க" என்று அவள் சொல்லும்போதே அழைப்பு அறுந்தது.

அதனால்தான், திருவிழாக் கொடியேற்றத்தன்று, தெருவே சோடித்துக்கொண்டு வாசலில் நின்ற நேரத்தில், கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து பல்லி மறுபடி கத்தியபோது, செலஸ்டீனா இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டாள். போன் அவள் கையில் இல்லை. புதுச் சொல் தெரிந்த எவனோ வாசலில் நிற்கிறான்.

"நான் இல்லை!" என்று கத்தினாள். பல்லி தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, திரும்பவும் கேட்டது.

கத்தலைக் கேட்டு எதிர்வீட்டு அக்கா வந்தாள், டெல்வின் வந்தான், கொடியேற்றப் போய்க்கொண்டிருந்த சாமியார் வந்தார், அவருக்குப் பின்னால் கொடியும், கொடிக்குப் பின்னால் தெருவும் வந்தது. வீடு கொள்ளாமல் நின்ற கூட்டத்துக்கு மேலே பல்லி நிதானமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்து பிலோமினா அக்காவின் போன் அடித்தது. ஏதோ வெளிநாட்டு எண்.

"அக்கா, நான் இஞ்ஞாசி" என்றது குரல், இரைச்சலுக்கு மேலாகக் கத்திக்கொண்டு. "என் போன் கடல்ல விழுந்துட்டு. கரையில புதுசு வாங்கியிருக்கேன். கணக்கத் தொறக்கப் பாக்கேன், தொறக்கமாட்டேங்குது. அவளத் தட்டச் சொல்லுங்க!"

"அட, நம்ம இஞ்ஞாசிதாம்ட்டி! தட்டு!" என்றாள் அக்கா.

செலஸ்டீனா கையை உயர்த்தினாள். முட்டி தரைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. போன் கடலில் விழுந்ததா, களவு போனதா? எழுதி வைத்துக்கொள்கிறேன் என்றானே, எதில் எழுதினான்? அவள் டெல்வினைப் பார்த்தாள்.

"இந்தக் காலத்துல கொரலக்கூட செஞ்சுருதானுவ, மதினி" என்றான் அவன், மெதுவாக. "சொல்லு தெரியும், கொரலும் வரும். எனக்குச் சொல்லத் தெரியல."

உள்ளே மிச்சமிருந்த குரல்கள் அவ்வளவும் அவளுடைய ஒரு விரல் முட்டியில் தொங்கின. தட்டினால், வந்தவன் திருடனானால், எல்லாம் போய்விடும். தட்டாவிட்டால், வந்தவன் புருஷனானால், தன் வீட்டு வாசலில் அவனே நின்று கெஞ்ச வேண்டும். வாழ்நாள் முழுவதும் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று "வரலாமா" என்று கேட்டே பழகிய செலஸ்டீனா, முதல் முறையாகக் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பவள் ஆனாள். போனை அக்காவின் கையிலிருந்து வாங்கினாள்.

"நீங்கதான்னு நான் எப்படி நம்புதது?"

"என்ன புள்ள, எம்மேல நம்பிக்கையில்லையா?"

"இல்ல" என்றாள் அவள். "கல்யாணத்தன்னைக்குப் பீடத்துக்கு முன்னால, சாமியார் வாசகம் வாசிக்கும்போது, என் காதுல என்னமோ சொன்னீங்க. நம்ம ரெண்டு பேருக்கும் மட்டுந்தான் தெரியும். என்ன சொன்னீங்க?"

கூட்டம் போனை நோக்கி நெருங்கியது.

"அது... இப்பவா? பக்கத்துல யாரும் இருக்காங்களா?"

"யாருமில்ல" என்றாள் செலஸ்டீனா, தெரு முழுவதையும் பார்த்துக்கொண்டே, ஸ்பீக்கரில் போட்டபடி.

"ஷூ கடிக்குது, ஒரு சைஸ் சின்னதா வாங்கிட்டேன்னு சொன்னேன். சாமியார் கேக்குறதுக்குள்ள சம்மதம்னு சொல்லி முடிச்சுவிட்டுருன்னு சொன்னேன்."

சாமியார் லூயிஸ் தலையில் கை வைத்தார். "அதானா! நான் வாயத் தொறக்குமுன்ன இவ சம்மதம்ன்னா, நான் கேட்டதும் இன்னொரு தடவ சம்மதம்ன்னா. பொண்ணுக்கு என்ன அவசரம்னு நான் இத்தன நாளா யோசிச்சுக்கிட்டு இருக்கேன்!"

சிரிப்பு வாசலிலிருந்து தெருவுக்குப் பரவி, தெருவிலிருந்து கெபிவரை போனது. பிலோமினா அக்காவின் சிரிப்பில் அலமாரிப் பாத்திரங்கள் அதிர்ந்தன. "யாருமில்லன்னியே!" என்று கடலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவன் அலறினான். செலஸ்டீனா சிரிப்பும் கண்ணீருமாகக் குனிந்து, முட்டியால் தரையில் ஒரே தட்டுத் தட்டி, "நான்தான்" என்றாள். பல்லி வாலைச் சுழற்றிக்கொண்டு கடிகாரத்துக்குப் பின்னால் போய்விட்டது.

"மதினி, அந்த ரகசியம் இனிச் செல்லாது பாத்துக்கிடுங்க" என்றான் டெல்வின், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தெருவே கேட்டுட்டு. அடுத்த தடவைக்கு வேற வச்சிருக்கீங்களா?"

"நெறைய வச்சிருக்கேன்" என்றாள் செலஸ்டீனா. அவள் காது சிவந்துவிட்டது.

கொடி ஏறியது, வாணம் வெடித்தது, கூட்டம் கலைந்து பாதித் தெரு அவளுடைய வீட்டிலேயே உட்கார்ந்து கருப்பட்டிக் காபி குடித்தது. இஞ்ஞாசி பேசிக்கொண்டே இருக்க, பிள்ளை இதுவரை கேட்டறியாத அதிசயமாக, தான் ஒரு சத்தம் போட்டதும் குரல் பதில் சொல்வதைக் கண்டு, தூக்கத்தை விட்டுவிட்டு, கத்திக் கத்திப் பேசிப் பார்த்தது. கடைசியில் ஒவ்வொருவராகப் போனார்கள். பிலோமினா அக்கா வாசல்படியில் நின்று திரும்பினாள்.

"வாட்டி, பாய எடுத்துக்கிட்டு. நேரமாச்சு."

"நீங்க போங்கக்கா" என்றாள் செலஸ்டீனா. "நான் இங்கனயே படுத்துக்கிடுதேன்."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பயமா இருக்காதா?"

"இருக்கும். யாரும் வந்தா, யாருன்னு கேப்பேன்."

அக்கா பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி, விரலை முத்தமிட்டுக்கொண்டு, தெருவைக் கடந்து போனாள். அவள் தன் வீட்டுக்குள் ஏறும்வரை செலஸ்டீனா பார்த்துக்கொண்டு நின்றாள்; பிறகு கதவைச் சாத்தி, பிள்ளையை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, துருப்பிடித்து இறுகிக் கிடந்த தாழ்ப்பாளை மறு கையால் ஆட்டி ஆட்டி இழுத்து, உள்பக்கமாகப் போட்டாள்.